உங்கள் கைக்கு ஏற்ற வில் எது?



சென்ற ஆண்டு சித்திரையில், வீரபாண்டி கவுமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ராட்டினம், வளையல் கடை, மிட்டாய்க் கடை என்று ஒரே கூட்டம்! என் பேத்திக்கு 11 வயது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு பொம்மைக் கடை முன் நின்றுவிட்டாள். அங்கே பிளாஸ்டிக் வில் ஒன்று தொங்கிக் கொண்டிருந்தது.

''வாங்கித் தரவா கண்ணு?'' என்றேன்.

''இது பொம்மை தாத்தா. எனக்கு நிஜ வில்லு வேணும்,'' என்றாள்.

''நிஜ வில்லெல்லாம் கிடையாது. வா போகலாம்,'' என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவள் பேசவே இல்லை.

நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. 35 ஆண்டுகளுக்கும் மேலாக யாரிடமும் சொல்லாத காரணம். அதை முதலில் உங்களுக்குச் சொல்லி விடுகிறேன்.

நான் செய்த தவறு

1988ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் ராமாயணம் தொடர் ஓடிய காலம் அது. ஊரில் இரண்டு, மூன்று வீடுகளில்தான் டிவி இருக்கும். ஊரே அங்கே கூடிவிடும். திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தால், எல்லாப் பையன்களும் ராமர், லட்சுமணர்தான்!

ஆண்டு விழாவில், ராமர் வில் உடைக்கும் நாடகம் போட முடிவு செய்தோம். வாழைக்கு முட்டுக் கொடுக்கும் மூங்கில் ஒன்றைப் பிளந்து, சணலைக் கட்டி, நானே ஒரு வில் செய்தேன். பையன்கள் என்னைச் சூழ்ந்து கொண்டனர். ''சார், எங்களுக்கும் சொல்லிக் குடுங்க சார்!'' எனக்கும் உற்சாகம். ஒரே மாலையில் பத்துப் பேருக்கு வில் செய்யக் கற்றுக் கொடுத்துவிட்டேன். அம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் இடைவேளையில் ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விரலிடுக்கில் ரத்தம். விளக்குமாற்றுக் குச்சியைக் கூராகச் சீவி அம்பாக விட்டிருக்கிறான் இன்னொருவன். அது இவன் புருவத்துக்குக் கீழே குத்திவிட்டது.

பையனைத் தோளில் போட்டுக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, ''ஒரு நெல்லு அளவு கீழே பட்டிருந்தா கண்ணு போயிருக்கும் சார்,'' என்றார். கண் தப்பியது. ஆனால், அந்தப் பையனின் அம்மா சொன்ன வார்த்தை மட்டும் இன்று வரை என் காதில் கேட்கிறது.

''வாத்தியாரே சொல்லிக் குடுத்தாருன்னுதானேய்யா அவனுக செஞ்சானுக...''

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் வாட்டியது. அன்றிலிருந்து வில் என்றாலே, 'வேண்டாம்' என்பதுதான் என் பதில்.

இந்தக் கதையை அன்று இரவு பேத்தியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: ''தாத்தா, தண்ணியில விழுந்துடுவாங்கன்னு நீச்சலே கத்துக் குடுக்காம இருப்போமா?''

ஓய்வு பெற்ற வாத்தியாரை மடக்கிவிட்டாள்! கோடை விடுமுறையில் இருவரும் தேனியில் ரயில் ஏறி, மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு வில்வித்தைப் பயிற்சியாளரைச் சந்தித்தோம். 1988இல் எனக்குத் தெரியாமல் போனதை எல்லாம் அவரிடம்தான் கற்றுக் கொண்டேன்.

பத்து எண்ணு பார்க்கலாம்!

மைதானத்தின் ஓரத்தில், மரச் சட்டத்தில் ஏழெட்டு வில்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ''உனக்குப் பிடிச்சதை எடு பாப்பா,'' என்றார் பயிற்சியாளர். என் பேத்தி எதை எடுத்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? இருப்பதிலேயே பெரியதை! கறுப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது.

''அம்பு வேண்டாம். வெறும் நாணை மட்டும் இழு. வாயோரம் வரைக்கும் கொண்டு வா. பத்து எண்ணிட்டு, மெதுவா பழைய இடத்துக்கே கொண்டு போ. நடுவுல கையை மட்டும் விட்டுடக் கூடாது.''

அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தோள் காது வரை ஏறியது. இடுப்பு பின்பக்கம் வளைந்தது. மூன்று எண்ணுவதற்குள் கை வெடவெடவென்று நடுங்கியது. பயிற்சியாளர் சட்டென்று நாணைப் பிடித்துக் கொண்டார்.

அடுத்து, மூங்கில் வில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து! தோள் ஏறவில்லை, கை நடுங்கவில்லை. நாணை மெதுவாகத் திருப்பிக் கொண்டு போனாள். மூன்று முறை அப்படிச் செய்யச் சொன்னார். மூன்று முறையும் செய்தாள்.

''இதுதான் உன் வில்லு,'' என்றார்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. ''இது சின்னப் பசங்க வில்லு மாதிரி இருக்கே சார்...''

அவர் சிரித்தார். ''அம்பை விடறதுக்கு யாருக்கும் பலம் வேண்டாம் பாப்பா. கையைத் திறந்தாப் போதும், அது போயிடும். இழுத்த அம்பை விடாம திருப்பிக் கொண்டு வர்றதுக்குத்தான் பலம் வேணும். அந்தப் பலம் உனக்கு எந்த வில்லுல இருக்கோ, அதுதான் உன் வில்லு.''

இந்த வார்த்தையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் மறுபடியும் இதற்கு வருவோம்.

வில்லுக்கும் உண்டு எடை!

வில்லை வாங்கும்போது, 'எத்தனை பவுண்டு?' என்று கேட்பார்கள். அது வில்லைத் தராசில் போட்டால் வரும் எடை அல்ல. நாணை முழுதாக இழுத்துப் பிடிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்ற அளவு. இதை 'இழுவிசை' என்கின்றனர். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம்.

பயிற்சியாளர் ஒரு கொக்கித் தராசை எடுத்து, நாணில் மாட்டி இழுத்துக் காட்டினார். என் பேத்தி இழுக்கும் தூரத்துக்கு இழுத்தபோது, மூங்கில் வில் சுமார் 6 கிலோ 400 கிராம் காட்டியது. அதாவது, 14 பவுண்டு. கறுப்பு வில்லோ ஒன்பதரை கிலோ!

'வெறும் மூன்று கிலோதானே வித்தியாசம்?' என்று நினைக்கிறீர்களா? ஒரு மணி நேரப் பயிற்சியில் 60 அம்பு விடுவதாக வைத்துக் கொள்வோம். 6.4 கிலோவை 60 முறை இழுத்தால் மொத்தம் 384 கிலோ. ஐந்து மூட்டை நெல்லுக்குச் சமம்! ஒன்பதரை கிலோ என்றால் 570. அதுவும் முழுக் கையால் அல்ல, மூன்று விரலால்!

கனமான வில்லோடு தொடங்குபவர் என்ன செய்வார்? உடம்பை வளைத்து, தோளைத் தூக்கி, எப்படியோ இழுத்து, அவசரமாக விட்டுவிடுவார். அந்தத் தவறு பழகிவிட்டால், திருத்த மாதக்கணக்கில் ஆகும். தோளும் வலிக்கும். ஒரே வாரத்தில் வில் பரண் மேல் ஏறிவிடும்!

எட்டு முதல் பத்து வயது வரை உள்ளவர்களுக்கு 10 முதல் 12 பவுண்டு போதும். பதினோரு வயதுக்கு மேல் உள்ளவர்கள் 14 முதல் 18 பவுண்டு வரை போகலாம். ஆனால், வயதை விட முக்கியம் அந்தப் பத்து எண்ணும் சோதனை. அதில் தேறினால்தான் அது உங்கள் வில்.

இன்னொரு விஷயம். கடையில் வாங்கும் வில்லில், '20' என்று எழுதியிருந்தால், அது பெரியவர்களின் கணக்கு. நாணை 28 அங்குலம், அதாவது 71 செ.மீ., இழுத்தால் வரும் அளவு. உங்கள் கை குட்டைதானே? குறைவாகத்தான் இழுப்பீர்கள். இழுக்கும் தூரம் குறைந்தால் இழுவிசையும் குறையும். 20 என்று எழுதிய வில், என் பேத்தியின் கையில் ஏறத்தாழ 14 ஆகிவிடும்!

கையை விரி... கணக்குப் போடு!

நீங்கள் எவ்வளவு தூரம் இழுப்பீர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது.

சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக விரித்து நில்லுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளக்கச் சொல்லுங்கள். வரும் எண்ணை இரண்டரையால் வகுங்கள். என் பேத்திக்கு 140 செ.மீ. வந்தது. இரண்டரையால் வகுத்தால், 56 செ.மீ. அவ்வளவுதான் அவள் இழுக்கும் தூரம்.

வில்லின் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நேரான மூங்கில் வில், மர வில் என்றால், ஏறத்தாழ உங்கள் உயரம் இருப்பது நல்லது. குட்டை வில்லை அதிகமாக வளைத்தால் முறிந்துவிடும். நீளமான வில் மென்மையாக வளையும், விரலையும் நெரிக்காது.

எந்தக் கையால் நாணை இழுப்பது? இதைக் கண்தான் முடிவு செய்ய வேண்டும்! நம் இரண்டு கண்களில் ஒன்றுதான் குறி பார்க்கும் கண். எது என்று கண்டுபிடிக்க இப்போதே செய்து பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வருமாறு சேர்த்து வையுங்கள். அந்த ஓட்டை வழியாக, தூரத்தில் இருக்கும் ஒரு கடிகாரத்தையோ கதவுப் பிடியையோ இரு கண்களாலும் பாருங்கள். பிறகு, ஒரு கண்ணை மட்டும் மூடுங்கள். பொருள் அப்படியே தெரிந்தால், திறந்திருக்கும் கண்தான் குறி பார்க்கும் கண். மறைந்துவிட்டால், மூடியிருக்கும் கண்!

வலது கண் என்றால், வில்லை இடது கையில் பிடித்து, வலது கையால் நாணை இழுக்க வேண்டும். இடது கண் என்றால் அப்படியே மாற்றிப் பிடிக்க வேண்டும். வில் வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். சில வில்களில் அம்பு வைக்கும் மேடை ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும்.

அம்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

'நல்ல வில் வாங்கியாச்சு. அம்புக்கு ஏதாவது குச்சி போதும்' என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 1988இல் நானும் அப்படித்தான் இருந்தேன். பயிற்சியாளர் சொன்னது இதற்கு நேர் எதிர். ''வில்லு சுமாரா இருந்தாக்கூடப் பரவாயில்லை சார். அம்பு சுமாரா இருக்கக் கூடாது.''

ஏன்?

முதலில் நீளம். அம்பு குட்டையாக இருந்தால், முழுதாக இழுக்கும்போது முனை வில்லுக்கு உள்ளே வந்துவிடும். விட்டால், பிடித்திருக்கும் கையிலேயே பாயும்! எனவே, நீங்கள் இழுக்கும் தூரத்தை விட அம்பு குறைந்தது 5 செ.மீ. நீளமாக இருக்க வேண்டும். என் பேத்திக்கு 61 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அளவு நாடா இல்லையா? அம்பின் வால் பக்கத்தை நெஞ்சில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அம்பைப் பிடித்து, கைகளை முன்னால் நீட்டுங்கள். விரல் நுனியைத் தாண்டி அம்பு நீண்டிருந்தால் சரி.

அடுத்தது, விறைப்பு. இது ஆச்சரியமான விஷயம். வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நேராகப் போவதாகத்தானே நினைக்கிறோம்? இல்லை! நாண் பின்னாலிருந்து தள்ளும்போது, அம்பு வளையும். வில்லைச் சுற்றிக்கொண்டு, மீன் நெளிவது போல நெளிந்துகொண்டே போகும். பிறகுதான் நேராகும். அதிவேகக் கேமராவில் படம் பிடித்தால் இது தெளிவாகத் தெரியும். அம்பு ரொம்ப விறைப்பாக இருந்தாலும், ரொம்ப வளைந்து கொடுத்தாலும், குறியை விட்டு ஒரு பக்கமாகப் போய்விடும். ஆகவே, மென்மையான வில்லுக்கு மென்மையான அம்பு. அண்ணனுடைய 30 பவுண்டு வில்லின் அம்பு தம்பிக்குப் பொருந்தாது.

மூன்றாவது, ஒற்றுமை. ஆறு அம்பு வாங்கினால், ஆறும் ஒரே நீளம், ஒரே எடை, ஒரே விறைப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் தவறு அம்பிலா, நம்மிடமா என்று தெரியும். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்ற பழமொழி நினைவிருக்கிறதா? அதைச் சொல்லவாவது அம்பு சரியாக இருக்க வேண்டுமே!

வாலில் மூன்று இறகுகள் இருக்கும். அவைதான் அம்பைத் தடுமாறாமல் கொண்டு போகின்றன. மூன்றில் ஒன்று வேறு நிறத்தில் இருக்கும். பழகும்போது, அது வில்லுக்கு வெளிப்பக்கம் பார்த்து இருக்கும்படி நாணில் பொருத்த வேண்டும். முனை, மழுங்கிய உலோக மூடி போட்ட பயிற்சி முனையாக இருக்க வேண்டும். கத்தி போன்ற வேட்டை முனை கூடவே கூடாது.

ஒவ்வொரு முறை விடும் முன்பும் அம்பை லேசாக வளைத்துப் பாருங்கள். 'சிர்ர்' என்று சத்தம் கேட்டாலோ, விரிசல் தெரிந்தாலோ, அந்த அம்பை அப்போதே உடைத்துப் போட்டுவிட வேண்டும். விரிசல் விட்ட அம்பு, விடும்போது நொறுங்கிக் கையில் ஏறிவிடும்.

மூங்கிலா, மரமா?

நம் நாட்டில் புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் மூங்கில் வில்லில்தான் தொடங்குகின்றனர். தேசியப் போட்டிகளிலும், பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும், 'இந்தியன் ரவுண்டு' என்று ஒரு தனிப்பிரிவே இருக்கிறது. எந்தக் கருவியும் பொருத்தாத மூங்கில் வில்லாலேயே இதில் மோதலாம். பெரியவர்கள் 50 மீட்டர், 30 மீட்டர் தூரத்தில் குறி வைப்பார்கள்.

மூங்கிலில் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர்கள் நம்மிடம் இருக்கின்றனர். ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம், மூங்கில் வில்லில் பழகியவர். 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக்கில் ஆடினார். ராஞ்சியைச் சேர்ந்த தீபிகா குமாரி, சிறுமியாக இருந்தபோது, கல் எறிந்து மாங்காய் அடித்துக் குறி பழகியவர். வீட்டில் செய்த மூங்கில் வில்லும் அம்பும்தான் அவருக்கு முதல் துணை. 2010இல் டில்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார்!

ஜம்மு காஷ்மீரின் கிஷ்துவாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவி, இரண்டு கைகளும் இல்லாமல் பிறந்தவர். காலால் வில்லைப் பிடித்துக் குறி வைக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். வில்லுக்கு ஏற்ப அவர் மாறவில்லை. அவருக்கு ஏற்ப வில்லை அமைத்தார்கள். நாம் இதுவரை பார்த்ததும் அதுதானே?

வில் வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

* நாண் ஏற்றிய வில்லை எதிரில் நிறுத்திப் பாருங்கள். மேல் கையும் கீழ்க் கையும் ஒரே மாதிரி வளைந்திருக்க வேண்டும். நாண், வில்லின் நடுவில் நேர்க்கோடு போல ஓட வேண்டும்.

* விரல் நுனியால் முழுவதும் தடவிப் பாருங்கள். விரிசல், சிலாம்பு இருந்தால் வேண்டாம்.

* வில்லின் பிடிக்கும் நாணுக்கும் நடுவில், கட்டை விரலை நிமிர்த்திய ஒரு கைமுஷ்டி உயரம் இடைவெளி இருக்க வேண்டும்.

* நாண், இழுத்தால் நீளாத நூலாக இருக்க வேண்டும். பந்தல் கட்டும் நைலான் கயிறு ஆகாது.

* முன்கையில் நாண் அடிக்காமல் இருக்கத் தோல் காப்பும், விரலுக்குத் தோல் உறையும் சேர்த்து வாங்குங்கள்.

* வேலை முடிந்ததும் பெரியவர் உதவியோடு நாணைக் கழற்றிவிடுங்கள். எப்போதும் வளைந்தே கிடந்தால் மூங்கில் சோர்ந்துவிடும். வெயிலிலும் ஈரத்திலும் வைக்காதீர்கள்.

முதல் இரண்டு மாதம் வில் வாங்கவே வேண்டாம். பயிற்சி மையத்து வில்லிலேயே பழகலாம். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

'மேகமலையில்தான் மூங்கில் இருக்கிறதே, வெட்டிச் செய்துகொள்ளலாமே' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேகமலைக் காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு மூங்கிலை வெட்டினாலும் குற்றம்.

நம் மண்ணும் வில்லும்

வில் நமக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், மாடு மேய்க்கும் இடையர் ஒருவர் வருகிறார். குமிழ மரத்தின் கிளையை வளைத்து, மரல் நாரைக் கட்டி, வில் போன்ற ஒரு யாழ் செய்து வாசிக்கிறார்! மரல் நாரில் வில்லுக்கு நாண் திரித்த வழக்கம் உண்டு. அதனால்தான் ஆங்கிலத்தில் அந்தச் செடிக்கு, 'வில்நாண் சணல்' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கின்றனர்.

நம் தேனி மாவட்டம், ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையோரம் புலிமான்கோம்பை என்ற ஊர் இருக்கிறது. 2006இல், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையவை! அதில் ஒரு கல், கூடல் ஊரில் நடந்த மாடு கவரும் சண்டையில் இறந்த ஒருவருடைய நினைவுக் கல். அந்தக் கூடல் ஊர், நம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராக இருக்கலாம் என்று கருதுபவர்களும் உண்டு. அந்தக் காலத்து மாடு கவரும் சண்டைகளில் வில்தான் முக்கிய ஆயுதம்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைத் தெரியும்தானே? ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று துளைத்து, கடைசியில் உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அவர் பெயரில் ஆடி மாதம் கொல்லிமலையில் விழா எடுத்து, வில்வித்தைப் போட்டியும் நடத்துகின்றனர். ஆனால், இன்றைய ஓரிகளுக்கு வட்டப் பலகைதான் இலக்கு. அணில், புறா, உடும்பு எதன் மீதும் அம்பு விடக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு உயிர்களை வேட்டையாடுவது குற்றம்.

இதை மட்டும் மறக்காதீர்கள்!

1. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வில்லைத் தொடக் கூடாது.

2. அம்பு பூட்டிய வில்லை இலக்கைத் தவிர வேறு எந்தப் பக்கமும் திருப்பக் கூடாது. விளையாட்டுக்குக்கூட!

3. இலக்குக்குப் பின்னால் மண்மேடோ, அடர்த்தியான வைக்கோல் படப்போ இருக்க வேண்டும். அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது.

4. வானத்தை நோக்கி விடவே கூடாது. 14 பவுண்டு வில்லின் அம்பே 50 மீட்டருக்கு மேல் பறக்கும். யார் தலையில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

5. அம்பு இல்லாமல் நாணை இழுத்து 'டொய்ங்' என்று விடக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும். வில் முறிந்து முகத்தில் அடிக்கலாம்.

6. எல்லாரும் விட்டு முடித்து, வில்லைக் கீழே வைத்த பிறகே அம்பு எடுக்கப் போக வேண்டும். பயிற்சி மைதானத்தில் இதற்கு விசில் உண்டு. இரண்டு விசில்: கோட்டுக்கு வா. ஒரு விசில்: தொடங்கு. மூன்று விசில்: போய் அம்பை எடு. ஐந்து விசில் விடாமல் கேட்டால், ஆபத்து; உடனே நிறுத்து!

7. ஈர்க்குச்சி, விளக்குமாற்றுக் குச்சி, கம்பி எதையும் அம்பாக்கக் கூடாது.

அந்த மார்கழி காலை

இரண்டு மாதப் பயிற்சி முடிந்ததும், அதே அளவு மூங்கில் வில் ஒன்றை வாங்கினோம். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில், வைக்கோல் படப்பின் முன் இலக்குப் பலகை. ஞாயிறு காலையில் நான் பக்கத்தில் நிற்க, பேத்தி பழகுவாள்.

மார்கழியில் ஒரு நாள். 10 மீட்டர் தூரத்தில் நின்று, நாணை வாயோரம் வரை இழுத்துவிட்டாள். அம்பு கிளம்ப வேண்டியதுதான். அப்போது, பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குழந்தை, ஒரு கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு, படப்பின் ஓரத்திலிருந்து குடுகுடுவென்று வெளியே வந்துவிட்டது! படலைச் சாத்தாமல் விட்டது நான்தான். எனக்கு வாயில் சத்தம்கூட வரவில்லை.

பேத்தி அசையவில்லை. கண் மட்டும் அந்தக் குழந்தையைப் பார்த்தது. பிறகு, நாணை அங்குலம் அங்குலமாக, பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டு போனாள். அம்பைக் கழற்றித் தரையில் வைத்தாள். வில்லையும் வைத்தாள். அப்புறம்தான், ''தாத்தா, பாப்பாவைத் தூக்குங்க,'' என்றாள்.

குழந்தையைத் தூக்கிய என் கைதான் நடுங்கியது. அவள் கை நடுங்கவில்லை.

சற்று நேரம் கழித்து, தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்: ''அன்னிக்கு அந்தக் கறுப்பு வில்லை வாங்கியிருந்தா, என்னால நிறுத்தியிருக்க முடியாது, இல்ல தாத்தா?''

''முடிஞ்சிருக்காதுடா கண்ணு,'' என்றேன். புருவத்தில் தழும்போடு இன்றும் இந்தப் பள்ளத்தாக்கில் ஏலக்காய் ஜீப் ஓட்டும் என் பழைய மாணவனை நினைத்துக் கொண்டேன்.

இப்போது படலுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். பழகும்போது, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்க விடுகிறோம்.

என்ன குழந்தைகளே, வில் வாங்க ஆசையாக இருக்கிறதா? ஆசைப்படுங்கள், தப்பே இல்லை. முதலில் அப்பா, அம்மாவிடம் சொல்லி, தெரிந்த பயிற்சியாளரிடம் போங்கள். அவர் எந்த வில்லைக் கொடுத்தாலும், இழுத்துப் பிடித்துப் பத்து எண்ணுங்கள். பிறகு, விடாமல் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

முடிந்தால், அதுதான் உங்கள் வில்!